தோலுக்கடியில் ஏற்றும் இம்யூனோகுளோபுலின்: பயன்படுத்தி வருபவரின் மதிப்புரை

வாரந்தோறும் வீட்டிலேயே தோலுக்கடியில் ஏற்றிக்கொள்ளும் 20 சதவீத இம்யூனோகுளோபுலின் (கொடையாளர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த, கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்புப் புரதம்) கரைசலையும், அதை உடலுக்குள் செலுத்தும் ஸ்பிரிங் பம்பையும் பற்றிய மதிப்புரை இது. பெரியவர்களிடம் காணப்படும் பிறவி நோயெதிர்ப்புக் குறைபாட்டுக்காக முதலில் மருத்துவமனையில் நரம்பு வழியாகவும், பின்னர் வீட்டில் தோலடி முறையிலும் இந்த மருந்தைப் பெற்று வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். இரண்டு நிறுவனங்களின் தயாரிப்புகளைப் பயன்படுத்தியிருக்கிறேன். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே என்பதாலும், நோயாளிகள் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது இந்த முறையைப் பற்றியே என்பதாலும், எந்த நிறுவனத்தையும் பெயர் சொல்லி மதிப்பிடவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிர்ப்புப் புரதக் குறைபாடு உறுதியாகக் கண்டறியப்பட்டவர்களில், வாரத்தில் ஓரிரு மணி நேரத்தைத் தவறாமல் ஒதுக்கக்கூடிய எவருக்கும் இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஆயினும் நோயெதிர்ப்பு மண்டலத்தின் ஒரு பகுதியை மட்டுமே இந்தக் குப்பி ஈடுசெய்கிறது. எதை ஈடுசெய்கிறது, எதை ஈடுசெய்யாது என்பதை அறிந்து தொடங்குபவரே இதனால் முழுப் பயன் அடைவார்.

இந்த மருந்து யாருக்கானது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறவிக் குறைபாடு என்றதும் அது குழந்தைப் பருவத்திலேயே வெளிப்பட்டிருக்க வேண்டும் என்று பலரும், சில மருத்துவர்களும்கூட, நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை அப்படியில்லை. பெரியவர்களிடம் மருத்துவம் தேவைப்படும் அளவுக்குக் காணப்படும் இத்தகைய குறைபாடுகளில் முதன்மையானது, உடல் போதிய எதிர்ப்புப் புரதம் உண்டாக்காத, சி.வி.ஐ.டி. என்று மருத்துவர்கள் சுருக்கமாகக் குறிப்பிடும் நோயாகும். இது ஏறத்தாழ 25,000 முதல் 50,000 பேருக்கு ஒருவருக்கு இருக்கலாம் என்று கணக்கிடப்படுகிறது. பெரும்பாலோருக்கு 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில்தான் கண்டறியப்படுகிறது. குறை மரபணுவில் பிறந்த நாள் தொட்டே இருக்கலாம். இருந்தாலும் எதிர்ப்புப் புரத உற்பத்தி படிப்படியாகக் குறைந்து, தொற்றுகள் அடுத்தடுத்து வரத் தொடங்கும்போதுதான் அது வெளியே தெரிகிறது. அதற்குள் அந்த நபர் பல மருத்துவர்களிடம் பல முறை ஆன்டிபயாடிக் வாங்கியிருப்பார். ஒவ்வொரு தொற்றும் தனித்தனியாகக் குணப்படுத்தப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்து ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் கண்டறியப்படும் வரை பல ஆண்டுகள் கழிந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

ஆகவே இந்தத் தயாரிப்பைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பு, விசாரிக்க வேண்டிய இடத்தில் நாம் இருக்கிறோமா என்று பார்ப்பது நல்லது. ஓர் ஆண்டில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட காது தொற்றுகள், ஒவ்வாமை இல்லாமலே திரும்பத் திரும்ப வரும் சைனஸ் தொற்று, ஆண்டுக்கு ஒரு நிமோனியா என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் தொடர்வது, உடல் எடையைக் குறைக்கும் நீண்டகால வயிற்றுப்போக்கு, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்தால்தான் அடங்கும் தொற்றுகள், தோலின் ஆழத்திலோ உள்ளுறுப்புகளிலோ மீண்டும் மீண்டும் கட்டும் சீழ், வாயில் நீங்காத பூஞ்சைப் படலம், குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இதே போன்ற வரலாறு ஆகியவை பெரியவர்களிடம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். வழக்கமான ஈரல் பரிசோதனை அறிக்கையிலேயே ஒரு தடயம் கிடைப்பதுண்டு. மொத்தப் புரதத்திலிருந்து அல்புமினைக் கழித்தால் மீதமாகும் குளோபுலின் அளவு வழக்கத்தைவிட மிகக் குறைவாக இருந்தால், ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்புப் புரத வகைகளின் அளவுகளைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம். அந்த எண் எத்தனையோ பேரின் கோப்புகளில் யாரும் படிக்காமல் கிடக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

அளவு குறைவாக இருப்பது மட்டும் போதாது. தடுப்பூசி போட்டு நான்கு முதல் எட்டு வாரங்கள் கழித்து, உடல் அதற்கு எதிர்ப்புப் புரதம் உண்டாக்கியதா என்று பார்க்க வேண்டும்; பொதுவாக டெட்டனஸ் தடுப்பூசியும் நிமோகாக்கஸ் தடுப்பூசியும் இதற்குப் பயன்படுகின்றன. சிறுநீரகத்தின் வழியாகவோ குடலின் வழியாகவோ புரதம் வெளியேறுகிறதா, ரத்தப் புற்றுநோய் ஏதும் உள்ளதா, ரிடக்ஸிமாப், ஸ்டீராய்டு, சில வலிப்பு மருந்துகள் போன்றவை அளவைக் குறைத்திருக்கின்றனவா என்பனவற்றையும் விலக்க வேண்டும். இவற்றையெல்லாம் முதல் குப்பியைத் திறப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். மருந்து ஏறிய பிறகு ரத்தத்தில் தென்படும் எதிர்ப்புப் புரதம் நம்முடையதா, கொடையாளர்களுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடும்.

இனி குப்பிக்குள் இருப்பதைப் பார்ப்போம். நிறமற்றது முதல் இளமஞ்சள் வரையிலான, தண்ணீரைவிடக் குழைவான ஒரு கரைசல். ஒரு மில்லிலிட்டரில் 200 மில்லிகிராம் புரதம், அதில் மிகப் பெரும்பகுதி ஐ.ஜி.ஜி. ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை, ஒன்றுசேர்த்து இது தயாரிக்கப்படுகிறது. அமெரிக்க வேதியியலாளர் எட்வின் கோன் 1940-களில் உருவாக்கிய ஆல்கஹால் பிரிப்பு முறையே இதற்கு அடித்தளம். அதன்மேல் அமிலத்தன்மையில் வைத்திருத்தல், கரைப்பானும் சோப்புத் தன்மையுள்ள வேதிப்பொருளும் சேர்த்தல், மிக நுண்ணிய வடிகட்டியில் செலுத்துதல் போன்ற வைரஸ் நீக்கும் படிகள் சேர்க்கப்பட்டுள்ளன. எந்தெந்தப் படிகள் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பிளாஸ்மா கொடுத்த நாளிலிருந்து குப்பி நம் கைக்கு வர ஏழு மாதங்கள் முதல் ஓர் ஆண்டு வரை ஆகலாம். பெரியவர் ஒருவருக்கு ஓராண்டுக்கான மருந்தைத் தயாரிக்க ஏறத்தாழ 130 முறை பிளாஸ்மா கொடை தேவைப்படுகிறது என்பது பிளாஸ்மா துறையில் வழங்கும் கணக்கு. இந்தப் புரதத்தை ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்து ஈடுகட்ட இயலாது. எண்ணற்ற மனிதர்கள் தம் வாழ்நாளில் சந்தித்த கிருமிகளுக்கு எதிராக உருவாக்கிய பல்வகை எதிர்ப்புப் புரதங்களின் தொகுப்பு என்பதே இதன் வலிமை. முகம் தெரியாத அந்தக் கொடையாளர்களுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை இந்த மதிப்புரையில் பதிவுசெய்யாமல் கடந்துபோக மனமில்லை.

தோலடி முறை புதிய கண்டுபிடிப்பு என்று விளம்பரப் பிரசுரங்கள் சில நேரங்களில் எண்ணவைக்கின்றன. வரலாறு வேறு விதமாக இருக்கிறது. 1952-இல் அமெரிக்க ராணுவ மருத்துவரான ஆக்டன் புரூட்டன், அடிக்கடி தொற்றுக்குள்ளான எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் ரத்தத்தில் காமா குளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத் தொகுதி அறவே இல்லை என்று கண்டறிந்து, அதை ஈடுசெய்யத் தோலுக்கடியில்தான் இம்யூனோகுளோபுலினைச் செலுத்தினார். அந்த நோய்க்குக் காரணமான மரபணு 1993-இல் அடையாளம் காணப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் தசையில் போடும் வலிமிகுந்த ஊசி வழக்கமாக இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் நரம்பு வழித் தயாரிப்புகள் வந்த பிறகு பெரிய அளவுகளைக் கொடுப்பது எளிதானது. அதன் பின் சிறிய பம்புகளும் செறிவான கரைசல்களும் வந்து, தோலடி முறை மீண்டும் முன்னுக்கு வந்தது.

நரம்பு வழி முறையில் வழக்கமாக உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 400 முதல் 600 மில்லிகிராம் வரை, மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு முறை ஏற்றுகிறார்கள். ஏற்றி முடித்ததும் ரத்தத்தில் அளவு மிக உயரத்துக்குப் போய், பின் இறங்கத் தொடங்குகிறது. ஐ.ஜி.ஜி.யின் அரை ஆயுள், அதாவது அதன் அளவு பாதியாகக் குறையும் காலம், சுமார் மூன்று வாரங்கள். கடைசி வாரத்தில் பலருக்கும் சோர்வு தெரியும். எனக்கு அது மூக்கடைப்பும், மாலையில் கை கால் கனப்பதுமாக வரும். அடுத்த முறை நெருங்குகிறது என்று நாட்காட்டியைப் பார்க்காமலே சொல்லிவிட முடிந்தது. ஏற்றிய மறுநாள் தலைவலி வேறு. தோலடி முறையில் அதே மாத அளவை வாரங்களாகப் பிரித்து, கிலோவுக்கு 100 முதல் 150 மில்லிகிராம் வீதம் செலுத்துவதால், மருந்து திசுக்களிலிருந்து நிணநீர் வழியாக மெல்ல ரத்தத்தில் கலக்கிறது. உச்சமும் இல்லை, பள்ளமும் இல்லை. மாறிய சில மாதங்களில் அந்தக் கடைசி வாரச் சோர்வு என்னை விட்டு நீங்கியது. என்னைப் பொறுத்தவரை இந்த முறையின் மிகப் பெரிய பேறு இதுதான். தலைவலியும் ஏறக்குறைய மறைந்துவிட்டது. நரம்பு கிடைக்காமல் செவிலியர் இரண்டு கைகளிலும் மாறி மாறித் தேடும் நிலை உள்ளவர்களுக்கு இது இன்னும் பெரிய நிம்மதி.

ஒரு முறை ஏற்றிக்கொள்வது எப்படி இருக்கும் என்பதை உள்ளபடியே விவரிக்கிறேன். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு வாரம் 8 கிராம் என்றால், 20 சதவீதக் கரைசலில் அது 40 மில்லிலிட்டர். குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்த குப்பிகளை முன்கூட்டியே வெளியே எடுத்து, அறையின் வெப்பத்துக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும். குளிர்ந்த கரைசல் மெதுவாக ஓடும், உள்ளே போகும்போது எரிச்சலும் தரும். வெந்நீரிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கக் கூடாது, குப்பியைக் குலுக்கவும் கூடாது, ஒரு முறை உறைந்துபோன குப்பியைப் பயன்படுத்தவே கூடாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கலங்கலோ துகளோ இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். கைகளை நன்றாகக் கழுவி, ரப்பர் மூடியை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, உலர விட்டு, கரைசலை சிரிஞ்சுக்குள் உறிஞ்ச வேண்டும். குழைவான திரவம் என்பதால் இந்த உறிஞ்சுதல் எதிர்பார்ப்பதைவிடச் சிரமமானது. வேகமாக இழுத்தால் நுரை வரும். குப்பிக்குள் சற்றுக் காற்றைச் செலுத்திவிட்டுப் பொறுமையாக இழுத்தால் சுலபமாக வரும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு முழு வேலையிலும் கடினமான பகுதி இதுவே. அவர்கள் தங்கள் மருத்துவக் குழுவிடம் முன்பே நிரப்பி வரும் சிரிஞ்சுகள் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். சில தயாரிப்புகள் அந்த வடிவிலும் வருகின்றன.

அடுத்தது ஊசி. இரண்டாகவோ நான்காகவோ பிரியும் மெல்லிய டியூபின் முனையில், பட்டாம்பூச்சி இறக்கை போன்ற பிடிப்புடன் மிக நுண்ணிய ஊசிகள் இருக்கும். கரைசலை டியூபுக்குள் ஓடவிட்டு, ஊசி நுனிக்குச் சற்று முன்பாகவே நிறுத்திவிட வேண்டும். நுனியில் மருந்துத் துளி நிற்க, அதோடு குத்தினால் தோலின் மேலடுக்கில் பட்டு அரிப்பும் சிவப்பும் வரும். உலர்ந்த நுனியோடு குத்தினால் பெரும்பாலும் வராது. வயிற்றில் தொப்புளுக்கு ஐந்து சென்டிமீட்டர் தள்ளியோ, தொடையின் முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ தோலைச் சற்றே கிள்ளிப் பிடித்து, நேராக உள்ளே செலுத்தி, ஒட்டுப்பட்டையால் நிலைநிறுத்த வேண்டும். இரண்டு ஊசிகளுக்கு இடையிலும் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத இடைவெளி தேவை. பிறகு சிரிஞ்சைச் சற்றுப் பின்னோக்கி இழுத்து, டியூபில் ரத்தம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் ஊசி ரத்தக் குழாயில் இருக்கிறது. அதை எடுத்து எறிந்துவிட்டுப் புதிய ஊசியை வேறிடத்தில் போட வேண்டும். இந்தப் படியை எந்த வாரமும் விட்டுவிடக் கூடாது.

ஊசியின் நீளத்தை எல்லோருக்கும் ஒன்றாகவே கொடுத்துவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது சரியில்லை. 4 மில்லிமீட்டர் முதல் 14 மில்லிமீட்டர் வரை நீளங்கள் உண்டு. கொழுப்புப் படலத்தை எட்டாத குட்டையான ஊசி என்றால் தோல் சிவந்து, அரித்து, சில நேரம் ஓரத்தில் கசியும். தேவைக்கு மேல் நீளமான ஊசி தசையில் இறங்கி வலிக்கும். மெலிந்த தொடைக்கும் பருத்த வயிற்றுக்கும் ஒரே நீளம் பொருந்தாது. தோலடி முறை எனக்கு ஒத்துவரவில்லை என்று கைவிட்ட சிலரிடம் விசாரித்தபோது, மருந்தில் குறையில்லை, ஊசி நீளத்தில்தான் குறை என்று தெரியவந்தது. கைவிடுவதற்கு முன்பு ஊசியையும், ஓட்ட வேகத்தையும், இடத்தையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

பம்பைப் பொறுத்தவரை, ஸ்பிரிங் விசையால் இயங்கும் எளிய கருவியைத்தான் பயன்படுத்துகிறேன். மின்கலம் இல்லை, திரை இல்லை, எச்சரிக்கை ஒலி இல்லை; சிரிஞ்சை வைத்து மூடியவுடன் சீரான அழுத்தத்தில் தள்ளத் தொடங்கிவிடும். வேகத்தைத் தீர்மானிப்பது டியூபின் உள்விட்டம். இதன் நன்மை, கோளாறு ஏற்பட வாய்ப்புள்ள பாகங்கள் மிகக் குறைவு என்பதும், திசுக்களில் எதிர்ப்பு கூடினால் ஓட்டம் தானே குறைந்துவிடும் என்பதும். குறை, நடுவில் வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் டியூபையே மாற்ற வேண்டும் என்பது. டியூபுக்குள் சிறிதளவு மருந்து எப்போதும் தங்கிவிடுகிறது; இவ்வளவு அரிய பொருளில் அந்தச் சிறு அளவு வீணாவதும் மனத்தை உறுத்துகிறது. தொடக்கத்தில் ஓர் இடத்துக்கு 15 மில்லிலிட்டருக்கு மேல் போகாமலும், மணிக்கு 15 மில்லிலிட்டர் வேகத்தைத் தாண்டாமலும் தொடங்கி, உடல் பழகப் பழகக் கூட்டுவது வழக்கம். பழகிய பிறகு இரண்டு இடங்களில் 40 மில்லிலிட்டர் ஏற, ஏறத்தாழ ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் நடமாடலாம், எழுதலாம், சமைக்கலாம். பம்பே வேண்டாம் என்பவர்கள் சிறிய சிரிஞ்சால் கையாலேயே மெல்லத் தள்ளி, வாரத்தில் பல நாட்களாகப் பிரித்துப் போட்டுக்கொள்ளும் வழியும் உண்டு. பயணத்தில் இருப்பவர்களுக்கு அது மிகவும் வசதி.

ஏற்றி முடிந்ததும் ஊசி போட்ட இடத்தில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு புடைப்பு நிற்கும். முதன்முறை பார்ப்பவருக்கு இது திகிலூட்டும் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். தொட்டால் மெத்தென்று இருக்கும், சற்றுச் சூடாகவும் சிவப்பாகவும் இருக்கலாம், இறுக்கமான உடை உரசினால் அரிக்கும். ஓரிரு நாட்களில், அதிகம் போனால் மூன்று நாட்களில், கரைந்துவிடும். வாரங்கள் செல்லச் செல்ல இந்த எதிர்வினை குறைந்துகொண்டே வருகிறது. நாள், இடம், தயாரிப்பின் தொகுதி எண், வந்த எதிர்வினை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். மனித பிளாஸ்மாவிலிருந்து வரும் பொருள் என்பதால் தொகுதி எண்ணைப் பதிவு செய்வது விருப்பத்துக்கு உட்பட்ட வேலை கிடையாது. பின்னாளில் அந்தத் தொகுதியில் ஏதேனும் கேள்வி எழுந்தால் அதுதான் நமக்கான காப்பு.

பக்க விளைவுகள் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகின்றன என்பதால் மற்றவற்றை மறந்துவிட முடியாது. எல்லா இம்யூனோகுளோபுலின் தயாரிப்புகளுக்கும் ரத்தம் உறையும் அபாயம் பற்றிய எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் கட்டமிட்டு அச்சிட வைத்தது; வயதானவர்களும், நெடுநாள் படுக்கையில் இருப்பவர்களும், முன்பு ரத்தக்கட்டு வந்தவர்களும் இதைப் பற்றி மருத்துவரிடம் பேசியே தீர வேண்டும். ஏற்றும் நாளில் போதிய தண்ணீர் குடிப்பது நல்லது. புரோலின் என்ற அமினோ அமிலம் சேர்த்து நிலைப்படுத்திய தயாரிப்புகளை, ரத்தத்தில் புரோலின் மிகும் பிறவிக் கோளாறு உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது. ஐ.ஜி.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்புப் புரதம் இருந்து, முன்பு கடும் ஒவ்வாமையும் வந்தவர்களுக்கும் தடை உண்டு. முதல் சில முறைகளை மருத்துவக் குழுவின் கண்காணிப்பில் செய்துகொண்ட பிறகே வீட்டில் தொடங்க வேண்டும் என்பது இதனால்தான்.

பலன் எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன். நிமோனியா எனக்கு நின்றுவிட்டது. நிமோனியாவும் ரத்தத்தில் பரவும் பாக்டீரியாத் தொற்றும்தான் இந்த நோயில் உயிரைப் பறித்தவை. அவற்றைத் தடுப்பதில் இம்யூனோகுளோபுலினுக்கு மாற்று எதுவும் இல்லை. அடுத்த முறை ஏற்றுவதற்குச் சற்று முன்பு அளக்கும் குறைந்தபட்ச ஐ.ஜி.ஜி. அளவைப் பற்றிப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, நரம்பு வழியாகப் பெறுபவர்களிடம் அந்த அளவு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் உயரும்போதெல்லாம் நிமோனியா 27 சதவீதம் குறைவதாகக் கண்டது. இருந்தும் எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. ஒருவர் 700-இல் நலமாக இருப்பார். இன்னொருவருக்கு 1,000 தேவைப்படும். அறிக்கையில் அளவு சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, தொற்றுகள் தொடரும் நோயாளியைத் திருப்பி அனுப்பும் மருத்துவரிடம், அளவைக் கூட்டிப் பார்க்கலாமா என்று தயங்காமல் கேட்க வேண்டும். எத்தனை முறை ஆன்டிபயாடிக் எடுத்தோம், எத்தனை நாள் படுத்திருந்தோம் என்ற பதிவே இந்தத் தயாரிப்பை அளக்கும் சரியான கோல்.

எங்கே இது போதாது என்பதையும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டும். குப்பியில் இருப்பது ஏறக்குறைய ஐ.ஜி.ஜி. மட்டுமே. மூக்கு, சைனஸ், குடல் ஆகியவற்றின் உட்பரப்பைக் காக்கும் ஐ.ஜி.ஏ.வை எந்தத் தயாரிப்பும் ஈடுசெய்வதில்லை. அதனால்தான் நிமோனியா நின்ற பிறகும் சைனஸ் தொல்லை பலருக்கும் தொடர்கிறது, எனக்கும் தொடர்கிறது. ஜியார்டியா போன்ற குடல் ஒட்டுண்ணிகளிடமிருந்தும் இது முழுப் பாதுகாப்புத் தருவதில்லை. தாமதமாகக் கண்டறியப்பட்டு, மூச்சுக்குழாய்கள் ஏற்கெனவே நிரந்தரமாக விரிந்துபோனவர்களுக்கு இந்த மருந்து அந்தச் சேதத்தைச் சரிசெய்யாது. சளியை வெளியேற்றும் பயிற்சிகளும், சிலருக்கு அஸித்ரோமைசின் போன்ற தடுப்பு ஆன்டிபயாடிக்கும், நுரையீரல் கண்காணிப்பும் கூடவே வேண்டும். சி.வி.ஐ.டி. உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு ரத்த அணுக்களைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்கள், மண்ணீரல் வீக்கம், நுரையீரலில் அழற்சித் திரள்கள், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவை வரக்கூடும். இவற்றை இம்யூனோகுளோபுலின் தடுத்துவிடும் என்று நம்பி மறுபரிசோதனைகளைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது.

பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடுகள் இன்று 450-க்கும் மேல் அறியப்பட்டுள்ளன. அவை எல்லாவற்றுக்கும் இந்தக் குப்பி மருந்தாகாது. கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்கள் அவற்றைக் கொல்ல முடியாமல் போகும் நாட்பட்ட கிரானுலோமா நோயில், தடுப்பு ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தும் முதன்மையானவை. கிருமிகளை அழிக்க உதவும் காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதங்களின் குறைபாட்டால் மூளைக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வருபவர்களுக்குத் தடுப்பூசிகளே முக்கியம். தொற்று அடிக்கடி வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக, பரிசோதனை இல்லாமல், சத்து ஊசியைப் போல இம்யூனோகுளோபுலினைப் போட்டுக்கொள்ள விரும்புபவர்களைக் கண்டால் மனம் பதைக்கிறது. தட்டுப்பாடு அடிக்கடி வரும் பொருள் இது. தேவையில்லாதவருக்குப் போகும் ஒவ்வொரு குப்பியும் தேவைப்படுபவரிடமிருந்து எடுக்கப்பட்டதே.

தயாரிப்போடு வரும் சேவையைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. மருந்தையும் துணைப் பொருட்களையும் அனுப்பிவைத்த விநியோகஸ்தர் ஒருவர், மருந்து வந்தும் ஊசித் தொகுப்பு வராத நிலையில் என்னை வாரக்கணக்கில் காக்கவைத்தார். கேட்டபோதெல்லாம் மருந்து அனுப்பியாகிவிட்டது என்ற பதிலே வந்தது. ஊசியும் டியூபும் இல்லாமல் குப்பி எதற்கு உதவும்? இன்னொரு முறை, இருப்பு இல்லை என்று வேறு நிறுவனத்தின் தயாரிப்பு சொல்லாமல் கொள்ளாமல் மாற்றி அனுப்பப்பட்டது. நிலைப்படுத்தும் பொருளும், சேமிக்க வேண்டிய வெப்பமும், அனுமதிக்கப்பட்ட வேகமும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்போது, மருத்துவருக்குத் தெரிவிக்காமல் மாற்றுவது பொறுத்துக்கொள்ளத் தக்கதாக எனக்குத் தோன்றவில்லை. பெட்டியை வாங்கியவுடன் பெயரையும் செறிவையும் காலாவதி நாளையும் சரிபார்ப்பதை அதன் பின் வழக்கமாக்கிக்கொண்டேன். குறைந்தது ஒரு வாரத்துக்கான ஊசித் தொகுப்பைக் கூடுதலாக வைத்திருப்பது எவருக்கும் உதவும்.

உள்ளே வரும் விளக்கத் தாள் இன்னொரு குறை. எழுத்துகள் மிகச் சிறியவை. மருத்துவருக்கு வேண்டிய செய்தியும் நோயாளிக்கு வேண்டிய செய்தியும் கலந்து கிடக்கின்றன. மிக முக்கியமான ஒன்று அதில் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது: கொடையாளர்களின் எதிர்ப்புப் புரதங்கள் நம் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருப்பதால், ஹெபடைடிஸ் பி போன்ற சில பரிசோதனைகளில் தொற்று வந்து போனதுபோலத் தவறான முடிவு தெரியலாம். புதிய மருத்துவர் யாரைப் பார்த்தாலும், ரத்தம் எடுப்பதற்கு முன்பே இம்யூனோகுளோபுலின் எடுத்துக்கொள்வதைச் சொல்லிவிட வேண்டும். அத்தகைய நேரங்களில் எதிர்ப்புப் புரதத்தைத் தேடாமல் கிருமியின் மரபுப் பொருளையே தேடும் பரிசோதனை தேவைப்படும். தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் வேலை செய்யாமல் போகலாம் என்பதோடு, குறைபாட்டின் வகையைப் பொறுத்து அவை ஆபத்தாகவும் முடியலாம் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் எதையும் போட்டுக்கொள்ளக் கூடாது.

யார் நரம்பு வழியிலேயே தொடரலாம் என்றும் கேட்கிறார்கள். ஊசியைக் கண்டாலே உடல் நடுங்குபவர்கள், கைநடுக்கமோ பார்வைக் குறைவோ இருந்து உதவிக்கு ஆளில்லாதவர்கள், வாரந்தோறும் இதை நினைவில் வைத்துச் செய்வது மனச்சுமையாகிவிடும் என்பவர்கள், மாதத்தில் ஒரு நாளை மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டு மற்ற நாட்களில் நோயை மறந்திருக்க விரும்புபவர்கள் ஆகியோருக்கு நரம்பு வழி முறை எந்த வகையிலும் தாழ்ந்தது இல்லை; கடுமையான தொற்றுகளைத் தடுப்பதில் இரண்டும் சமமாகவே செயல்படுகின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. ஹயலுரோனிடேஸ் என்ற நொதியை முதலில் செலுத்தித் திசுக்களை இளகச் செய்து, அதே ஊசி வழியாகப் பல நூறு மில்லிலிட்டர் 10 சதவீதக் கரைசலை ஏற்றும் முறையில், மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு முறை ஒன்றிரண்டு இடங்களில் குத்திக்கொண்டால் போதும். அதை நான் பயன்படுத்தியதில்லை என்பதால் மதிப்பிடவில்லை. நரம்பு வழியிலிருந்து வாரத் தோலடி முறைக்கு மாற முடிவுசெய்தவர்கள், கடைசியாக நரம்பில் ஏற்றிய நாளிலிருந்து ஒரு வாரம் கழித்து முதல் தோலடி அளவைத் தொடங்குவது வழக்கம். அதன் பின் சில மாதங்கள் கழித்து ஐ.ஜி.ஜி. அளவைப் பார்த்து, குறிப்பேட்டில் உள்ள தொற்றுக் கணக்கோடு வைத்து, அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று மருத்துவருடன் பேசி முடிவு செய்யலாம்.